வங்கியின் அடியில், ஆலயத்தின் அடியில்

இலண்டன் மாநகரில் பணம் புரளும் பழைய பகுதிக்குச் 'சிட்டி' என்று பெயர். இங்கிலாந்து வங்கி, ராயல் எக்ஸ்சேஞ்ச், மேயரின் மாளிகை ஆகிய மூன்றும் ஒன்றையொன்று நோக்கி நிற்கும் சந்திப்பின் அடியில் 'பேங்க்' என்னும் நிலத்தடி இரயில் நிலையம் பரந்து கிடக்கிறது. ஒரு திங்கட்கிழமை காலை எட்டரை மணிக்கு நாம் அங்கே இறங்கினோம். கூட்டத்தால் இறக்கப்பட்டோம் என்பதே பொருந்தும். அத்தனை பேர் இருந்தும் பேச்சுக்குரல் இல்லை; காலணிகளின் ஓசை மட்டுமே கேட்டது.

இது ஒரே நாளில் கட்டிய நிலையமன்று. 1898-ல் வாட்டர்லூவிலிருந்து ஒரு சிறு பாதை வந்தது. அலுவலர்களை ஏற்றி இறக்குவதே அதன் வேலை; இன்றும் அது வார நாள்களில் மட்டுமே ஓடுகிறது. இலண்டன் மக்கள் அதற்கு வைத்த செல்லப் பெயர் 'வடிகால்'! 1900-ல் வேறு இரு கம்பெனிகள் தத்தம் பாதைகளைக் கொண்டுவந்தன. 1933-ல் நகரும் படிக்கட்டு அமைத்து அருகிலிருந்த மான்யுமென்ட் நிலையத்தையும் இணைத்தனர். 2022-ல் புதிய சுரங்கமும் அகன்ற நடைமேடையும் திறக்கப்பட்டன. ஒன்றோடொன்று ஒட்டுப்போட்ட இந்தச் சுரங்கங்களுக்குள் வழி தெரியாமல் சுற்றுவோர் நம்மைப் போன்ற வெளியூரார் மட்டுமல்லர்.

போர்க்காலத்தில் இந்த ஆழத்தையே நம்பி மக்கள் இரவில் இங்கு அடைக்கலம் புகுந்தனர். 1941 ஜனவரி 11 அன்று குண்டொன்று தெருவைத் துளைத்து, பயணச்சீட்டுக் கூடத்தில் வெடித்தது. 50-க்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

சென்ட்ரல் பாதையின் நடைமேடையில் ஒரு விந்தையைக் கண்டோம். அது அரிவாள்போல் வளைந்திருப்பதால், ஒரு முனையில் நிற்பவருக்கு மறுமுனை தெரிவதில்லை. வண்டிக்கும் மேடைக்கும் இடையே அகன்ற இடைவெளி வாய் பிளக்கிறது. கவனமாய் இறங்குமாறு ஒலிபெருக்கி ஓயாது எச்சரிக்கிறது. ஏன் இந்த வளைவு? தனியார் கட்டடங்களுக்கு அடியில் தோண்டினால் உடைமையாளருக்குப் பணம் தரவேண்டும். ஆகவே கம்பெனியார் தெருக்களின் அடியிலேயே, அவை வளைந்தவாறெல்லாம் வளைந்து தோண்டினர். செல்வர்தம் மண்ணுக்கு அத்துணை மரியாதை.

அதே காலத்தில் மற்றொரு கம்பெனிக்குப் பயணச்சீட்டுக் கூடம் அமைக்க இடம் தேவைப்பட்டது. அதன் கண் பட்டது புனித மரி வுல்நாத் ஆலயத்தின்மீது. ஹாக்ஸ்மூர் என்னும் சிற்பியின் திட்டப்படி 1727-ல் கட்டி முடிக்கப்பெற்ற ஆங்கிலிக்கன் கோவில் அது. அதை இடித்துவிடவே எண்ணினர். பொதுமக்கள் கொதித்தெழுந்ததால் கோவில் தப்பியது. ஆனால் நிலவறை தப்பவில்லை. அங்கே துயின்ற மரித்தோரின் எலும்புகள் இல்ஃபோர்டு பக்கத்துக் கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டன. எஃகு உத்திரங்களின்மேல் கோவிலைத் தாங்கி நிறுத்தி, கீழே மின்தூக்கிகளுக்குக் குழி தோண்டினர். இழப்பீடு கேட்கவோ வழக்காடவோ இறந்தவர்க்கு வாயேது?

அந்நிலவறையில் அடக்கமானவருள் ஜான் நியூட்டனும் ஒருவர். 'அமேசிங் கிரேஸ்' பாடலை இயற்றியவர் அவரே. இளமையில் அடிமைகளை ஏற்றிச்சென்ற கப்பல்களின் தலைவராக இருந்தவர், பின்னர் குருவானார். 1780 முதல் 1807-ல் இறக்கும்வரை இக்கோவிலில் பணியாற்றினார். தாம் கண்ணாரக் கண்டும் செய்தும் இருந்த கொடுமைகளை 1788-ல் ஒரு சிறு நூலாக அச்சிட்டு வெளியிட்டார். கப்பல் வணிகத்தால் கொழுத்த இந்தச் 'சிட்டி'யின் நடுவிலிருந்தே அதைச் செய்தார் என்பதை நாம் மறத்தலாகாது. அடிமை வணிகத்தைத் தடைசெய்யும் சட்டம் 1807-ல் நிறைவேறியதைக் கண்டபின்னரே கண்மூடினார்.

1893-ல் அவருடைய உடலும் அவர்தம் மனைவியின் உடலும் அவர் முன்பு பணியாற்றிய ஆல்னி என்னும் சிற்றூருக்கு மாற்றப்பட்டன. தம் கல்லறைக்கென அவரே எழுதிவைத்த வாசகம் மட்டும் இக்கோவிலின் சுவரில் இருக்கிறது. ஒருகாலத்தில் இறைநம்பிக்கையின்றித் திரிந்தவன் தான் என்பதை அதில் அவர் மறைக்கவில்லை. நாம் அதை வாசித்து நின்ற நேரத்தில் கோவிலுக்குள் வேறு எவரும் இல்லை.