கொடுத்தவரும் காத்திருந்தவரும்

ஊழியத்திற்காகச் செல்வத்தைத் துறந்தவர்களின் சரித்திரங்களை நாம் ஆவலோடு வாசிக்கிறோம். சார்லஸ் தாமஸ் ஸ்டட் என்பவரின் சரித்திரத்தை வாசிக்கும்போதெல்லாம், அவருடைய மனைவி பிரிசில்லாவையும் என் உள்ளம் நினைத்துக்கொள்கிறது.

1860-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் செல்வக் குடும்பமொன்றில் பிறந்த ஸ்டட், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் புகழ்பெற்ற கிரிக்கெட் வீரர். 1882-இல் லண்டன் ஓவல் மைதானத்தில் இங்கிலாந்து ஆஸ்திரேலியாவிடம் 7 ஓட்டங்களில் தோற்றது. கடைசி விக்கெட் வீழ்ந்தபோது, ஒரு பந்தையும் சந்திக்காமல் மறுமுனையில் நின்றவர் இவரே. அந்தத் தோல்வியின் விளைவாகவே 'ஆஷஸ்' என்னும் பெயர் பிறந்தது.

சகோதரன் ஜார்ஜ் மரணப் படுக்கையில் கிடந்த நாட்களில், உலகப் புகழின் வெறுமை ஸ்டட்டுக்குப் புலப்பட்டது. 1885-இல் கேம்பிரிட்ஜ் எழுவரில் ஒருவராய்ச் சீனாவுக்குப் புறப்பட்டார். தகப்பனார் விட்டுச்சென்ற செல்வத்தை 1887-இல் மூடி, ஜார்ஜ் முல்லர் முதலியோரின் ஊழியங்களுக்கு அனுப்பினார். மணப்பெண்ணுக்கென வைத்த மீதியையும் பிரிசில்லா மனமுவந்து கொடுத்துவிடச் செய்தார். அந்தத் தியாகம் இருவருடையது.

1900 முதல் 1906 வரை ஸ்டட் நம் உதகமண்டலத்தில் யூனியன் சபையின் போதகராயிருந்தார். மனைவியும் நான்கு மகள்களும் உடனிருந்த காலம் அது.

பின்பு ஆப்பிரிக்கா அழைத்தது. நோயுற்றிருந்த மனைவியை விட்டு 1913-இல் காங்கோவுக்குச் சென்றார். இடையில் திரும்பி வந்தவர், 1916-இல் மறுபடியும் புறப்பட்டார். அதன்பின் தாயகத்தைக் காணவேயில்லை. பிரிசில்லா இங்கிலாந்திலிருந்தபடியே அந்த ஊழியத்தைத் தாங்கினார். 1928-இல் சில நாட்கள் மட்டும் காங்கோவுக்கு வந்து கணவரைக் கண்டார். மறு ஆண்டே மரித்தார். ஸ்டட் 1931-இல் இபாம்பியில் மரித்தார்.

இவர்களை நியாயந்தீர்க்க நான் யார்? ஆயினும் ஒன்றை உணர்கிறேன். பணத்தைக் கொடுப்பவன் தன்னுடையதைக் கொடுக்கிறான். பிரிவைக் கொடுப்பவனோ துணையின் நாட்களையும் சேர்த்தே கொடுக்கிறான்.

சொந்த ஊரில் குடும்பத்தை விட்டு, மும்பையிலோ டில்லியிலோ உழைக்கும் சகோதரரே, பிள்ளைகளின் படிப்புக்காகவும் வீட்டுக் கடனுக்காகவும் பிரிந்திருக்கிறீர். நோக்கம் நல்லதே. அதன் விலையில் பாதியைச் செலுத்துகிறவரை மறவாதிரும். இன்றிரவு தொலைபேசியில் அழைத்து, அனுப்பிய பணம் வந்து சேர்ந்ததா என்று கேட்குமுன், "நீ எப்படியிருக்கிறாய்?" என்று கேளும். பதிலை முழுவதும் கேட்கும் பொறுமையைக் கர்த்தர் உமக்கு அருளுவாராக.