அவர் உட்காராத நாற்காலி

ஐந்தாண்டு ஊராட்சி மன்றத் தலைவர் பொறுப்பு 2025 ஜனவரி 5ஆம் தேதியோடு முடிந்தது. 2019 டிசம்பர் 27, 30 தேதிகளில் நடந்த ஊரக உள்ளாட்சித் தேர்தலில் ஜெயித்து வந்த எங்கள் எல்லோருக்கும் அதுவே கடைசி நாள். தீர்மானப் புத்தகம், ரசீதுப் புத்தகம், அலுவலகச் சாவி எல்லாவற்றையும் ஒப்படைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். என் வீட்டுக்காரர் கட்டுத்தரையில் மாட்டுக்குச் சோளத்தட்டு போட்டுக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, ஈரோடு வரைக்கும் போயிட்டு வரலாமுங்களா?"

"ஈரோட்டுல என்ன வேலை?"

"நாகம்மையார் வீட்டைப் பாக்கோணும்."

"பெரியார் வீடுன்னு சொல்லு அம்மிணி."

"நீங்க அப்படிச் சொல்லிக்கங்க. நான் பாக்கப் போறது நாகம்மையார் வீட்டை."

அவர் சிரித்தார். பக்கத்துத் தோட்டத்துக்காரரிடம் மாடுகளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, ஒரு வியாழக்கிழமை காலையில் அன்னூரிலிருந்து கோயமுத்தூருக்குப் பஸ் ஏறினோம்.

காந்திபுரத்தில் இறங்கி ரயில் நிலையத்துக்குப் போகும் வழியில் நஞ்சப்பா சாலையில் மத்திய சிறையின் நெடிய மதிலைக் கடக்க வேண்டும். வழக்கு, கலெக்டர் ஆபீஸ், ஆஸ்பத்திரி என்று எத்தனையோ காரியங்களுக்கு இந்தச் சாலையில் போயிருக்கிறேன். அன்றைக்குத்தான் நின்று பார்த்தேன். 1908 ஜூலை 9 முதல் 1910 டிசம்பர் 1 வரை வ.உ.சிதம்பரனார் இந்த மதிலுக்குள் இருந்தார். செக்கு இழுத்தார். அந்தச் செக்கை நினைவுச்சின்னமாகப் போற்றுகிறோம். பக்கத்து மைதானத்துக்கும் பூங்காவுக்கும் அவர் பெயர் இருக்கிறது. எல்லாம் சரி. அவர் மனைவி மீனாட்சி அம்மாளின் பெயரை இந்த ஊரில் எத்தனை பேர் அறிவார்கள்? வெள்ளைக்காரனுக்கு எதிராகக் கப்பல் விட்ட வீட்டில் செல்வம் போனது, தொழில் போனது, கணவர் இரட்டை ஆயுள் தண்டனையோடு உள்ளே போனார். மேல்முறையீட்டில் தண்டனை குறைந்தது என்றாலும், கண்ணூர்ச் சிறையிலிருந்து 1912 டிசம்பரில் அவர் வெளியே வரும்வரை குடும்பம் என்கிற செக்கை அந்த அம்மாள் இழுத்தார். அதற்கு நினைவுச்சின்னம் கிடையாது.

இதே கோயமுத்தூரில் இன்னொரு மாதிரியான தம்பதியும் இருந்தார்கள். பார்வதி கிருஷ்ணன். திருச்செங்கோடு பக்கத்துக் குமாரமங்கலம் ஜமீன்தார், சென்னை மாகாண முதலமைச்சராக இருந்த டாக்டர் சுப்பராயனின் மகள். ஆக்ஸ்ஃபோர்டில் படித்துவிட்டு மில் தொழிலாளர் சங்கத்துக்கு வந்தவர். 1957இலும், 1974 இடைத்தேர்தலிலும், 1977இலும் கோவை மக்கள் அவரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். கணவர் என்.கே.கிருஷ்ணனும் கம்யூனிஸ்ட் கட்சித் தலைவர்தான். ஆனால் கோவைத் தொகுதியின் பெயரோடு சேர்ந்து ஒலித்தது மனைவியின் பெயர். கிருஷ்ணனின் மனைவி என்று யாரும் அவருக்கு ஓட்டுப் போடவில்லை. பார்வதிக்கு ஓட்டுப் போட்டார்கள். அரசியலில் இருக்கும் ஒரு ஆணுக்கு இதைத் தாங்கப் பெரிய மனசு வேண்டும்.

ரயிலில் ஜன்னலோர இடம் கிடைத்தது. பீளமேடு, இருகூர், சோமனூர். தறிச் சத்தம் கேட்கிற ஊர்கள். இந்த ஐந்து வருடத்தில் இப்படி இரண்டு பேரும் சேர்ந்து வெளியூர் போனதே இல்லை. யாராவது ஒருவர் வீட்டில் இருந்தாக வேண்டும். பெரும்பாலும் அந்த ஒருவர் அவர்.

தமிழ்நாட்டில் 1996 உள்ளாட்சித் தேர்தலில் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடம் வந்தது. 2016 சட்டத் திருத்தத்தில் அது பாதியானது. எங்கள் ஊராட்சி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டபோது ஊர்ப் பெரியவர்கள் நேராக அவரிடம்தான் வந்தார்கள். "பேரு அம்மிணி பேருல இருக்கட்டும், நீங்க பாத்துக்கங்க" என்றார்கள். பல ஊர்களில் அப்படித்தான் நடந்தது. மனைவி கையெழுத்துப் போடுவார், நாற்காலியில் கணவர் உட்கார்ந்திருப்பார். அவர் பெரியவர்களுக்கு மோர் கொடுத்துவிட்டு, "நிக்கறது அவ. கேக்கறதை அவகிட்டயே கேளுங்க" என்று சொல்லிவிட்டுத் தோட்டத்துக்குப் போய்விட்டார்.

ஜெயித்த பிறகும் அதே பதில்தான். காண்ட்ராக்டர்கள் அவர் நம்பருக்குக் கூப்பிடுவார்கள். என் நம்பரைக் கொடுத்துவிட்டு வைத்துவிடுவார். ஊராட்சி செக்கில் தலைவரும் துணைத்தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். எந்தச் செக் என்ன வேலைக்கு என்று அவர் ஒருநாளும் என்னிடம் கேட்டதில்லை. வண்டியில் கொண்டுவந்து ஊராட்சி அலுவலகத்து கேட்டில் இறக்கிவிடுவார். உள்ளே வந்ததில்லை. "பொண்டாட்டிக்கு டிரைவர்" என்று டீக்கடையில் காது கேட்கவே சொல்வார்கள். டீயைக் குடித்துவிட்டு வருவார்.

பதவியேற்ற மூன்றாம் மாதம் கொரோனா ஊரடங்கு. பிளீச்சிங் பவுடர் போடுவது, வெளியூரிலிருந்து வந்தவர்களைத் தனியே வைப்பது, அவர்களுக்குச் சாப்பாடு, மருந்து. மாமியாருக்கு எழுபதுக்கு மேல் வயது. நான் வீட்டுக்குள் நோயைக் கொண்டுவந்துவிடக் கூடாதென்று பல வாரம் கட்டுத்தரை ஓரத்து அறையில் படுத்தேன். விடியுமுன் எழுந்து பால் கறந்து சொசைட்டிக்கு ஊற்றி, அம்மாவுக்குக் கஞ்சி வைத்து, பிள்ளைகளைச் செல்போன் வகுப்பில் உட்கார வைத்து, மத்தியானம் அரிசியும்பருப்புச் சாதம் ஆக்கி என் அறை வாசலில் தூக்குப்போசியில் வைத்துவிட்டுப் போவார். கூட்டம் முடிந்து நான் எப்போது வருவேன் என்று யாருக்கும் தெரியாது. தூக்குப்போசி சூடாகவே இருக்கும். நான் போட்ட சாலையை, சரிசெய்த மேல்நிலைத் தொட்டியை ஊர் பார்த்தது. இதை யார் பார்த்தார்கள்?

திருப்பூரில் இறங்கினோம். நிலையத்துக்கு எதிரிலேயே குமரன் நினைவகம். 1932 ஜனவரி 10 ஊர்வலத்தில் அடிபட்டு மறுநாள் இறந்தபோது அவருக்கு இருபத்தெட்டு வயதுகூட ஆகவில்லை. மனைவி ராமாயி அவரைவிட இளையவர். கொடி காத்த கணவரை நாடு பாடப்புத்தகத்தில் வைத்தது. ராமாயி அந்த இழப்போடு மீதி வாழ்நாள் முழுவதும் இருந்தார். இதே ஊரில் ஆஷர், பத்மாவதி ஆஷர் என்று கணவனும் மனைவியுமாக விடுதலைப் போரில் சிறைக்குப் போனவர்களும் உண்டு. பஞ்சு வியாபாரத்துக்கு வந்து, ஊர்க்காரர்களாகவே ஆன குஜராத்திக் குடும்பம். குமரன் நினைவகத்தில் என் வீட்டுக்காரர் வெகுநேரம் நின்றார். "அந்தப் புள்ளைக்கு யாரு ஆறுதல் சொல்லியிருப்பாங்க?" என்று மட்டும் கேட்டார்.

ஊத்துக்குளி, விஜயமங்கலம், ஈங்கூர் தாண்டி ஈரோடு வந்தபோது வெயில் ஏறிவிட்டது.

பெரியார் வாழ்ந்த வீடு இப்போது பெரியார் அண்ணா நினைவகம். பணக்கார வணிகக் குடும்பத்தின் வீடு. சேலம் தாதம்பட்டியிலிருந்து 1898இல் பதின்மூன்று வயது நாகம்மாள் இந்தக் குடும்பத்துக்கு மருமகளாக வந்தார். மாப்பிள்ளைக்குப் பத்தொன்பது. பெற்றோர் வேறு இடம் பார்த்தபோது, கட்டினால் ராமசாமியைத்தான் கட்டுவேன் என்று அந்தப் பெண் பிடிவாதமாக நின்றதாக வரலாறு எழுதியவர்கள் சொல்கிறார்கள். ஆசாரமான வைணவ மாமியார் ஒரு பக்கம், ஆசாரத்தையே எதிர்க்கும் கணவர் ஒரு பக்கம். நடுவில் அந்த அம்மாள். பிறந்த ஒரே பெண் குழந்தை ஐந்தாவது மாதத்தில் இறந்துபோனது.

ராமசாமி ஈரோடு நகரசபைத் தலைவராக இருந்தவர், ஊருக்குக் குடிநீர்த் திட்டம் கொண்டுவந்தவர். தண்ணீருக்காகவே ஐந்து வருடம் ஓடிய எனக்கு அதில் தனிப் பிரியம். வீடு எந்நேரமும் ஆட்களால் நிறைந்திருந்தது. வந்தவர்கள் யாரும் பசியோடு போகவில்லை என்று அந்தக் காலத்தவர்கள் எல்லோரும் ஒரே குரலில் எழுதியிருக்கிறார்கள்.

ஆனால் நாகம்மையாரைச் சமையலறையோடு நிறுத்துவது பெரிய அநியாயம். 1921இல் ஈரோட்டில் கள்ளுக்கடை மறியல். கள்ளுக்கு உதவக்கூடாது என்று தாதம்பட்டித் தோப்பில் தம் ஐந்நூறு தென்னைகளை வெட்டிப்போட்ட கணவர் சிறைக்குப் போனார். நாகம்மையாரும் நாத்தனார் கண்ணம்மாளும் தெருவில் இறங்கினார்கள். பெரிய வீட்டுப் பெண்கள் வாசல் தாண்டாத காலம் அது. சமரசப் பேச்சின்போது மறியலை நிறுத்தச் சொல்லிக் கேட்டவர்களுக்கு, அது தன் கையில் இல்லை, ஈரோட்டில் இருக்கும் இரண்டு பெண்களைக் கேட்க வேண்டும் என்ற பொருளில் காந்தியே பதில் சொன்னார்.

1924இல் வைக்கம். கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் ஒடுக்கப்பட்டவர்கள் நடக்கக்கூடாது என்ற தடையை எதிர்த்து மார்ச் 30இல் சத்தியாகிரகம் தொடங்கியது. தலைவர்கள் ஒவ்வொருவராகக் கைதாக, அழைப்பின்பேரில் ஏப்ரல் 13இல் பெரியார் அங்கே போய்ச் சேர்ந்தார். இரண்டு முறை சிறை. இரண்டாவது முறை கடுங்காவல், கால் விலங்கோடு. நாகம்மையார் ஈரோட்டில் உட்கார்ந்து கண்ணீர் விடவில்லை. வைக்கத்துக்குப் போனார். மலையாளக் கிராமங்களில் பெண்களைத் திரட்டினார், சத்தியாகிரகிகளுக்காக அரிசியும் பணமும் வசூலித்தார், தடை செய்யப்பட்ட தெருவில் பெண்களோடு போய் நின்றார்.

1925 மே 2இல் 'குடிஅரசு' தொடங்கியது. 1931 டிசம்பரில் பெரியார் ஐரோப்பா புறப்பட்டுக் கிட்டத்தட்ட ஒரு வருடம் வெளிநாட்டில் சுற்றியபோது, பத்திரிகையும் இயக்கமும் வீடும் நாகம்மையார் பொறுப்பில் இருந்தன. பெரியார் திரும்பி வந்தார். ஆறு மாதம்தான். 1933 மே 11ஆம் தேதி நாகம்மையார் இறந்தார். வயது நாற்பத்தெட்டு. மறுநாளே பெரியார் திருச்சிக்குப் போய், தடையுத்தரவை மீறி ஒரு சுயமரியாதைத் திருமணத்தை நடத்திவைத்துக் கைதானார்.

மே 14 'குடிஅரசு' இதழில் பெரியார் எழுதிய இரங்கலை என் கைப்பையில் கொண்டுபோயிருந்தேன். வீட்டுக்குள்ளேயே ஒரு ஓரமாக உட்கார்ந்து அவருக்குப் படித்துக் காட்டினேன். மனைவியை இழந்த தலைவர்கள் வழக்கமாக எழுதுவது போல, குலவிளக்கு, பத்தினி என்று அது போகவில்லை. பெண் விடுதலையை ஊருக்கெல்லாம் போதித்த நான், அதில் நூற்றில் ஒரு பங்காவது என் நாகம்மாளுக்குச் செய்தேன் என்று சொல்லிக்கொள்ளத் தகுதி இல்லாதவன் என்ற பொருளில் வெளிப்படையாக எழுதியிருக்கிறார். தன் சுகத்துக்கும் தன் தொண்டுக்கும் அந்த அம்மாளைப் பயன்படுத்திக்கொண்டதை மறைக்கவில்லை. பொதுவாழ்க்கையில் இருக்கும் ஒருவர், துணைக்குப் பட்ட கடனை இவ்வளவு நேர்மையாகக் கணக்குப் பார்த்து அச்சில் வைத்ததை நான் வேறெங்கும் படித்ததில்லை. பெரியாரின் எழுத்தில் எனக்கு மிகப் பெரியது இந்தச் சிறிய இரங்கல்தான்.

அவர் கேட்டு முடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை.

"அந்தம்மா இதைப் படிக்கலியே" என்றார்.

எனக்கும் அதுதான் நெஞ்சில் அடைத்தது. மே 14ஆம் தேதி இதழை நாகம்மையார் கையில் வாங்கிப் பார்த்திருக்க முடியாது. கணவர் இல்லாத நாளில் அந்தப் பத்திரிகையைக் காப்பாற்றி வைத்திருந்தவருக்கு, அதில் தன்னைப் பற்றி வந்த மிக நல்ல வரிகள் கிடைக்கவில்லை.

அதனால்தான் நான் இப்போதே எழுதுகிறேன். என் வீட்டுக்காரர் தினமும் பேப்பர் வாசிப்பவர். இதையும் படிப்பார். நான் தலைவராக இருந்த ஐந்து வருடமும் எங்கள் ஊராட்சியில் இரண்டு பேர் வேலை செய்தார்கள். ஒருவருக்கு நாற்காலி இருந்தது, கையெழுத்து இருந்தது, கிராம சபையில் மாலை இருந்தது. இன்னொருவர் அந்த நாற்காலியில் ஒரு நாளும் உட்காராமல், அதில் நான் நிமிர்ந்து உட்கார வழி செய்தார். 2024 ஆகஸ்டில் அத்திக்கடவு - அவினாசித் திட்டத் தண்ணீர் குளங்களுக்குத் திறந்துவிடப்பட்டபோது, ஊரே குளத்து மேட்டில் திரண்டு எனக்குச் சால்வை போட்டது. தலைமுறை தலைமுறையாகப் போராடியவர்களுக்குச் சேர வேண்டியது அது. அவர்களுக்கு அடுத்ததாக, அன்று சாயங்காலப் பாலைக் கறந்து ஊற்றிவிட்டுக் கூட்டத்தின் கடைசியில் வந்து நின்ற மனிதருக்கும் அதில் பங்கு உண்டு.

ஏனுங்க, இந்த நன்றியை வீட்டில் சொன்னால் "அதுக்கென்ன இப்போ" என்று எழுந்து போய்விடுவீர்கள். அதனால் ஊரறிய எழுதிவிட்டேன்.

அடுத்த உள்ளாட்சித் தேர்தலில் நம் கொங்கு ஊர்களில் பாதி இடங்களில் பெண்கள் நிற்பார்கள். அவர்கள் வீட்டு ஆண்களிடம் நான் கேட்பது இதுதான்: கேட் வரைக்கும் கூட வாருங்கள், உள்ளே அவர்களைத் தனியாக விடுங்கள், வீட்டு அடுப்பை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். ஜெயித்து வரும் பெண்களிடம் கேட்பது, முதல் கிராம சபையிலேயே அந்த மனிதரின் பெயரைச் சொல்லி, எல்லோர் முன்னாலும் நன்றி சொல்லுங்கள். இரங்கல் கூட்டம் வரைக்கும் காத்திருக்க வேண்டாம்.