பாட்டிலுக்குள்ளே ஒரு சண்டை

‘எல்லாமே சத்துதானே, கலந்து குடிச்சா என்ன?’ என்று உங்கள் வீட்டிலும் யாராவது கேட்டிருப்பார்கள். எங்கள் வீட்டில் கேட்டது அம்மா. காவேரிப்பாக்கத்திலிருந்து தினமும் ராணிப்பேட்டை பக்கம் ஷூ கம்பெனிக்குப் போகிறார். மாத்திரை தொண்டையில் சிக்கும் என்று பி காம்ப்ளெக்ஸ், வைட்டமின் சி இரண்டையும் பொடித்து, தண்ணி பாட்டிலில் கலந்து, சாயங்காலம் வரை கொஞ்சம் கொஞ்சமாகக் குடிப்பார். ஓவர்டைம் காசில் வாங்கிய மாத்திரை!

அந்தத் தண்ணீரின் மஞ்சள் நிறம்தான் வைட்டமின் பி2. வெளிச்சம் பட்டால் அது கரைந்திருக்கும் ஆக்ஸிஜனைத் தூண்டிவிட்டு வைட்டமின் சி-யைச் சிதைக்கும். ஃபோலிக் அமிலத்தையும் விடாது. சத்து சிரப் பழுப்பு பாட்டிலில் வருவது சும்மா இல்லை. அப்போ வெளிச்சம் புகாத செம்பு பாட்டில்? அதுவும் வேண்டாம். தாமிரம் பட்டால் சி வேகமாகச் சிதையும். அந்தக் கலவையில் பி12-உம் கெடும்.

அதற்காகப் பயந்துவிடாதீர்கள். சாப்பாட்டோடு சி எடுத்தால் பி12 அழியும் என்று 1974-இல் அமெரிக்க மருத்துவர் விக்டர் ஹெர்பர்ட் சொன்னார். அவர் அளந்த முறையில்தான் கோளாறு என்று பின்னால் வந்த ஆய்வுகள் காட்டின. ஒரே வேளையில் வயிற்றுக்குப் போனால் பிரச்சினை இல்லை. காய்ந்த மாத்திரைக்குள்ளும் சண்டை குறைவு. தண்ணீர், வெளிச்சம், நேரம் மூன்றும் சேர்ந்தால் வம்பு அதிகம்.

அம்மா இப்போது டாக்டரிடம் கேட்டு சிரப்புக்கு மாறிவிட்டார். சி மாத்திரையைத் தனியாகச் சப்பிக்கொள்கிறார். உங்கள் வீட்டு பாட்டிலையும் ஒருமுறை எட்டிப் பாருங்களேன்.