புலிப் பாய்ச்சல்

பால்டிக் கடலோரத்தில் எஸ்தோனியா என்றொரு சிறு நாடு உண்டு. மக்கள் தொகை ஏறத்தாழ 13 இலட்சமே. சோவியத் பிடியினின்று 1991-ஆம் ஆண்டில் மீண்டும் விடுதலை பெற்ற அந்நாட்டின் பெயரை, இன்று வணிகவியல் பயிலும் மாணவர் பலர் வியப்போடு உச்சரிக்கின்றனர். புதுத்தொழில் முனைவோரின் நாடு என்பது அதன் புகழ்.

புகழுக்குக் காரணமும் இல்லாமலில்லை. கடல் கடந்தவரோடு கணிப்பொறி வழியே பேச உதவிய ஸ்கைப்பை நிறுவியோர் ஸ்வீடன், டென்மார்க் நாட்டவர். ஆயினும் 2003-இல் அதனை ஆக்கித் தந்தோர் எஸ்தோனியப் பொறியாளரே. மார்குஸ் வில்லிக் என்னும் இளைஞர், 2013-இல் தம் 19-ஆம் வயதில், பெற்றோரிடம் 5,000 யூரோ கடன் பெற்று வாடகைக் கார்த் தொழில் தொடங்கினார். அதுவே இன்று பல நாடுகளில் இயங்கும் போல்ட் நிறுவனம்.

இவற்றையெல்லாம் படித்த மாணவர் ஒருவர், “அங்கே சென்றால் நானும் செல்வனாகலாம் அல்லவா, சுவாமி?” என நம்மிடம் வினவினார். கனியைக் கண்டவர் வேரையும் காண வேண்டும் என்றோம்.

1996-இல், நாடு இன்னும் வறுமையினின்று மீளாத வேளையில், குடியரசுத் தலைவர் லென்னார்ட் மேரி ‘புலிப் பாய்ச்சல்’ என்னும் திட்டத்தை அறிவித்தார். பள்ளிகள்தோறும் கணிப்பொறியும் இணைய வசதியும் அளிப்பதே அதன் நோக்கம். அன்று வில்லிக் சிறு குழந்தை. இருந்த சிறு பொருளைப் பிள்ளைகளின் கல்வியில் இட்ட நாடு, பின்னரே பலன் கண்டது. உள்நாட்டுச் சந்தை மிகச் சிறிதாகையால், அங்குத் தொழில் தொடங்குவோர் முதல் நாளிலேயே அயல்நாட்டாரின் தேவையையும் எண்ணியாக வேண்டும். சிறுமையே அவர்களுக்குப் பயிற்சியாயிற்று.

ஸ்கைப் 2025 மே மாதம் மூடப்பட்டுவிட்டது. ஆனால் அதில் பயின்ற கைகள் ஓயவில்லை. அதன் முதல் ஊழியரான தாவெத் ஹின்ரிகுஸ், நண்பர் ஒருவரோடு சேர்ந்து 2011-இலேயே வைஸ் என்னும் பணம் அனுப்பும் நிறுவனத்தை இலண்டனில் தொடங்கியிருந்தார். அயல்நாட்டுக்குப் பணம் அனுப்பும்போது வங்கிகள் பிடித்த மிகுதியான தொகையை இருவரும் தம் வாழ்விலேயே உணர்ந்திருந்தனர். பிறர்க்கும் உள்ள அக்குறையைத் தீர்க்க முயன்றதே தொழிலாயிற்று.

பெற்றோரே, உங்கள் மகனோ மகளோ புதுத்தொழில் தொடங்க விழைந்தால் தடுக்க வேண்டாம். “எவ்வளவு சம்பாதிப்பாய்?” என்று கேட்குமுன், “யாருடைய குறையைத் தீர்ப்பாய்? அதற்கு என்ன கற்றிருக்கிறாய்?” என்று கேளுங்கள். விடை தெளிவாக வருமாயின், இயன்ற சிறு தொகையை நம்பிக் கொடுங்கள். நிறுவனம் நிலைக்காது போயினும், கற்ற கல்வி நிலைக்கும்.