இந்தியா பெயரில் ஒரு கசப்பு

ஒரு காலத்தில் உலகின் பீர் தலைநகரம் பர்ட்டன். ஆலைகள் ஒவ்வொன்றாக மங்கிவிட்டன. அதன் தண்ணீரின் ரகசியம் மட்டும் ஒரு ஸ்பூனில் ஏறி ஊர் ஊராகப் போய்விட்டது.

ரயிலை விட்டு இறங்கியதும் முதலில் வரவேற்பது வாசனைதான். வறுத்த தானியத்தின் இனிப்பு வாடை. காற்று திசை மாறினால் உப்பும் புளிப்புமாக இன்னொரு நெடி. முதலாவது பீர் ஆலைகளின் உபயம். இரண்டாவது மார்மைட், ஆலைகள் கழித்துப்போட்ட ஈஸ்டிலிருந்து ரொட்டிக்குத் தடவும் பசை செய்யலாம் என்று 1902-ல் இங்கே தொடங்கப்பட்ட தொழில்.

லண்டனிலிருந்து வடமேற்கே சுமார் 200 கி.மீ. தொலைவில், டிரெண்ட் நதிக்கரையில் இருக்கிறது பர்ட்டன். சிவப்புச் செங்கல் கட்டடங்கள், பழைய தண்ணீர்க் கோபுரம், பெயர் அழிந்த ஆலைச் சுவர்கள். 19-ம் நூற்றாண்டின் இறுதியில் ஏறத்தாழ 30 ஆலைகள் இங்கே இயங்கின. ஆலைகளின் சொந்த ரயில்கள் தெருக்களைக் குறுக்கே வெட்டிக்கொண்டு ஓடின. லண்டனின் செயின்ட் பாங்க்ரஸ் ரயில் நிலையம் 1868-ல் திறக்கப்பட்டபோது, அதன் கீழ்த்தளத் தூண்களுக்கு இடையிலான தூரமே பர்ட்டன் பீப்பாய்களின் அளவை வைத்துத்தான் கணக்கிடப்பட்டது. இன்று பாரீசுக்கு ரயில் ஏறும் பயணிகள் காத்திருப்பது அந்தப் பீப்பாய்க் கிடங்கில்தான்.

இத்தனை செல்வாக்குக்கும் ஒரு காரணம் இந்தியா.

கப்பல் ஏறிய பீர்

கதை தொடங்கியது பர்ட்டனில் அல்ல, லண்டனின் போ பகுதியில். 18-ம் நூற்றாண்டின் கடைசியில் அங்கே ஹாட்ஜ்சன் என்பவரின் ஆலை இருந்தது. கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்கள் நிற்கும் துறைக்குப் பக்கம். கப்பல் கேப்டன்களுக்கு நீண்ட தவணையில் கடன். வியாபாரம் பிடித்துக்கொண்டது. பீப்பாய்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றி, நான்கு முதல் ஆறு மாதம் கடலில் ஆடி, கல்கத்தாவிலும் மதராஸிலும் பம்பாயிலும் இறங்கின. குடித்தவர்கள் கம்பெனி அதிகாரிகளும் குமாஸ்தாக்களும். சாதாரணச் சிப்பாய்க்குக் கிடைத்தது போர்ட்டர் என்ற கறுப்பு பீர். இந்தியர்கள் யாரும் கேட்டதல்ல இது.

கடல் பயணத்துக்காகவே ஒரு மேதை இந்த பீரைக் கண்டுபிடித்தார் என்பது மதுக்கடைக் கதை. போர்ட்டரும்தான் கெடாமல் வந்து சேர்ந்தது. உண்மை எளிமையானது: கசப்புக்காகச் சேர்க்கும் ஹாப்ஸ் பூவில் பீரைப் புளிக்க வைக்கும் பாக்டீரியாக்களைத் தடுக்கும் அமிலங்கள் உண்டு. வெப்ப நாட்டுக்குப் போகும் பீரில் அதைத் தாராளமாகப் போடுவது வழக்கமானது. வெளிர் நிறமும் தூக்கலான கசப்பும் கொண்ட அந்த பீர், வெயிலில் வெந்தவர்களுக்குப் பிடித்தும்போனது.

ஹாட்ஜ்சன் ஆலை பேராசையால் கெட்டது. கடனை நிறுத்தி, தானே கப்பலேற்ற முயன்று, கம்பெனிக்காரர்களைப் பகைத்துக்கொண்டது. அதே நேரத்தில் ரஷ்யச் சந்தையை இழந்து பர்ட்டன் ஆலைகள் தவித்துக்கொண்டிருந்தன. 1822-ல் கம்பெனியின் இயக்குநர் ஒருவர் பர்ட்டனின் சாமுவேல் ஆல்சாப்பிடம், இந்தியாவுக்கு இப்படி ஒரு பீர் செய்ய முடியுமா என்று கேட்டார். ஆல்சாப் செய்தார். பாஸ் நிறுவனமும் பின்தொடர்ந்தது. 1830-களில் இந்த ஊர் ஹாட்ஜ்சனை முந்திவிட்டது. 'இந்தியா பேல் ஏல்', சுருக்கமாக ஐ.பி.ஏ., என்ற பெயர் நிலைத்தது.

கிணற்றுக்குள் இருந்த சூட்சுமம்

பர்ட்டனால் ஏன் முடிந்தது? விடை நதியில் இல்லை, பூமிக்குள். ஊரின் அடியில் ஜிப்சம் படுகைகள். அவற்றை ஊடுருவி வரும் கிணற்று நீரில் கால்சியமும் சல்பேட்டும் அளவுக்கு மீறி இருக்கும். லிட்டருக்கு 600 மில்லிகிராமுக்கும் மேல் சல்பேட். துணி துவைத்தால் நுரை வராத தண்ணீர். ஆனால் வெளிர் மால்ட்டில் காய்ச்சும்போது பீர் தெளிவாகிறது. ஹாப்ஸின் கசப்பு நாக்கில் அப்பிக்கொண்டு நிற்காமல், சட்டென்று ஏறிச் சுத்தமாக முடிகிறது. மற்ற ஊர்க்காரர்கள் விழித்துக்கொள்ள வெகுநாளாகவில்லை. தங்கள் தண்ணீரில் ஜிப்சம் கலந்து பர்ட்டன் நீராக மாற்றினார்கள். அந்தச் செயலுக்கே 'பர்ட்டனைசேஷன்' என்று பெயர்.

ஊரின் சொத்து அன்றைக்கே பொட்டலமாகிவிட்டது. இன்று வீட்டிலேயே பீர் காய்ச்சுபவர்களுக்குப் பொருள் விற்கும் கடைகளில் அது சின்னப் பையில் கிடைக்கிறது. 1963-ல் பிரிட்டன் வீட்டு பீருக்கான உரிமக் கட்டாயத்தை நீக்கியது. அமெரிக்காவில் 1978-ல் அதிபர் கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம் அதே வாசலைத் திறந்தது. கராஜிலும் சமையலறையிலும் பழகியவர்களில் சிலர் சிறு ஆலைகள் தொடங்கினார்கள். பர்ட்டனே மறந்துகொண்டிருந்த ஐ.பி.ஏ. அவர்கள் கையில் உயிர்பெற்றது, அசலைவிட முரட்டுத்தனமாக. 1972-ல் வெளிவந்த 'காஸ்கேட்' என்ற அமெரிக்க ஹாப்ஸ் அதற்கு பம்ப்ளிமாஸ் தோலின் மணத்தைக் கொடுத்தது.

வீட்டுச் செய்முறை ஒரு நாள் வேலை, ஒரு மாதக் காத்திருப்பு. 20 லிட்டர் பீருக்குச் சுமார் 6 கிலோ வெளிர் மால்ட், அதாவது முளைகட்டிக் காயவைத்த பார்லி. நொறுக்கிய மால்ட்டை, இரண்டு மூன்று டீஸ்பூன் ஜிப்சம் கலந்த நீரில் 66 டிகிரி செல்சியசில் ஒரு மணி நேரம் ஊறவைத்தால் மாவுச்சத்து சர்க்கரையாகிறது. அந்த இனிப்புச் சாற்றை வடித்து ஒரு மணி நேரம் கொதிக்கவிட வேண்டும். ஹாப்ஸை எப்போது போடுகிறோம் என்பதில்தான் கைப்பக்குவம். கொதியின் தொடக்கத்தில் போட்டது கசப்பாகிறது, மணம் ஆவியாகிவிடுகிறது. இறக்கும் தறுவாயில் போட்டது மணமாக நிற்கிறது. தாளிப்பதில் கடுகுக்கு ஒரு நேரம், கறிவேப்பிலைக்கு ஒரு நேரம் இருப்பது மாதிரி.

பிறகு 20 டிகிரிக்கு விரைவாக ஆறவைத்து, ஈஸ்ட் சேர்த்து மூட வேண்டும். ஒன்றிரண்டு வாரத்தில் நுரைத்து அடங்கும். கடைசி மூன்று நான்கு நாள், கொதிக்காத ஹாப்ஸை 100 கிராம் அளவுக்கு அப்படியே ஊறப்போடுவார்கள். கப்பலேறும் பீப்பாய்களில் பர்ட்டன்காரர்கள் ஒரு கைப்பிடி ஹாப்ஸ் திணித்து அனுப்பியதன் தொடர்ச்சி இது. பாட்டிலில் கொஞ்சம் சர்க்கரையோடு இன்னும் இரண்டு வாரம். கிடைப்பது ஏறத்தாழ 7 சதவிகித ஆல்கஹால். முதல் வாய் பாகற்காய். இரண்டாவது வாய் பழக்கடை.

ஒரு முரண் உண்டு. அன்றைய ஐ.பி.ஏ. ஆறு மாதம் கடலில் கிடந்து பக்குவமானது. இன்றையதைச் சில வாரங்களில் குடித்தாக வேண்டும். ஹாப்ஸின் மணம் அவ்வளவு சீக்கிரம் மங்கிவிடும்.

மங்கியது மணம் மட்டுமல்ல. 2000-ல் பாஸ் தன் பீர் தொழிலையே வெளிநாட்டு நிறுவனத்துக்கு விற்றது. பர்ட்டனின் பெரிய ஆலையில் இன்று ஓடுவது கார்லிங் என்ற மெல்லிய லாகர். ஊரின் வரலாற்றைச் சொன்ன தேசிய பீர் ஆலை அருங்காட்சியகம் 2022-ல் மூடப்பட்டது. ஓக் பீப்பாய்களை வரிசையாகக் குழாய்களால் இணைத்து, பொங்கும் ஈஸ்டை மேலே வடியவிடும் 'பர்ட்டன் யூனியன்' முறைக்கு 1838-லேயே காப்புரிமை பெறப்பட்டிருந்தது. கடைசியாக அதை வைத்திருந்த மார்ஸ்டன்ஸ் ஆலையிலும் 2024-ல் அது நிறுத்தப்பட்டது. ஒரு வரிசையைப் பக்கத்து டெர்பிஷயரின் ஒரு சிறு ஆலை எடுத்துப்போய் உயிர்கொடுத்திருக்கிறது. அதற்காகப் பீப்பாய்கள் ஊரை விட்டுப் போக வேண்டியிருந்தது.

கிணறுகள் ஆலைகளுக்குச் சொந்தம். வீட்டுக் குழாயில் வருவது குடிநீர் நிறுவனத்தின் தண்ணீர். ஆகவே தாத்தா காலத்து கசப்பைத் தேடி அடுப்பைப் பற்றவைக்கும் பர்ட்டன்வாசியும், கலிபோர்னியாக்காரர் மாதிரியே ஜிப்சம் பொட்டலத்தைத்தான் பிரிக்க வேண்டும். சொந்த ஊரைக் கடையில் வாங்கும் நிலை.

பெயர் கொடுத்த நாட்டில் அந்த வசதியும் இல்லை. பெங்களூரிலும் குர்கானிலும் மதுக்கூடங்களிலேயே காய்ச்சி ஐ.பி.ஏ. ஊற்றித் தருகிறார்கள். ஆனால் பழங்குடியினரின் மரபு அரிசி பீருக்குச் சில மாநிலங்கள் தரும் விலக்கு போன்றவை தவிர, உரிமமில்லாமல் வீட்டில் பீர் காய்ச்சுவது கலால் சட்டப்படி குற்றம். இந்தியாவுக்காகப் பிறந்த பீரை எந்த நாட்டின் சமையலறையிலோ யாரோ கிளறிக்கொண்டிருப்பார்கள். இந்தியாவின் பங்கு இன்றும் பெயர் மட்டும்தான்.