பேராதனையில் ஒரு தேடல்

கண்டியிலிருந்து பஸ் ஏறி, கலஹா சந்தியில் இறங்கினால் பேராதனைப் பல்கலைக்கழகம். மேலே ஹந்தானை மலை, கீழே மகாவலி. பார்க்கப் பார்க்க அலுக்காத இந்த வளாகத்தில்தான் என் கலாநிதிப் பட்ட ஆய்வு. எடுத்த பொருள், பாம்புக்கடி மருந்து.

நான் பள்ளியில் படித்தபோது, கொழுந்து பறிக்கப் போன அம்மாவைப் பாம்பு கடித்தது. சிங்களத்தில் குணகட்டுவா எனப்படும் கூன்மூக்கு விரியன். கால் வீங்கி, சிறுநீரகமும் பாதிக்கப்பட்டு, இரண்டு வாரம் வார்டில் இருந்தார். "இந்தப் பாம்புக்கு மருந்தூசி இல்லை பிள்ளை" என்றார் டாக்டர். ஏன் இல்லை?

பதில், ஆய்வின் நடுவே இந்திய மருந்துத் தொழிற்சாலை ஒன்றில் பெற்ற மூன்று மாதப் பயிற்சியில் கிடைத்தது. குதிரைக்குச் சிறிது சிறிதாக நஞ்சை ஏற்றி, அதன் இரத்தத்தில் உருவாகும் எதிர்ப்புப் புரதத்தைச் சுத்திகரித்து எடுப்பதே மருந்து. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சுதான் குதிரைக்குப் போகிறது. அதுவும் இந்தியப் பாம்புகளின் நஞ்சு. நம் நாட்டிலும் அந்த மருந்தையே ஏற்றி வந்தார்கள்.

பேராதனை ஆய்வாளர்கள் கோஸ்டாரிக்கா விஞ்ஞானிகளோடு சேர்ந்து, இலங்கைப் பாம்புகளுக்கென உருவாக்கிய மருந்தின் ஆய்வுகூட முடிவுகள் 2016இல் வெளிவந்தன. குணகட்டுவாவின் நஞ்சையும் அது முறித்தது. ஆய்வுகூடத்திலிருந்து வார்டுக்கு வரும் பாதை நீளமானது.

அம்மா இன்றும் மலைக்குப் போகிறார். சகோதரிகளே, பாம்பு கடித்தால் கீறவோ இறுக்கிக் கட்டவோ வேண்டாம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மருந்தைத் தேடும் வேலை எங்களுடையது.