நினைவும் நித்திரையும்

மேசைக் கணனியின் முகப்பிலுள்ள பொத்தானை அழுத்தித் திரை இருண்டதும் இயந்திரம் நின்றுவிட்டதெனக் கொள்வது பொதுவழக்கு. ஐபிஎம் வழிவந்த கணனிகளைப் பொறுத்தவரை ஒரு காலத்தில் இது பெரும்பாலும் உண்மையாகவே இருந்தது. அன்றைய பொத்தான் மின்விளக்கின் ஆளியை ஒத்தது, மின்னோட்டத்தையே துண்டித்தது. 1995 இல் இன்டெல் நிறுவனம் வெளியிட்ட ஏரீஎக்ஸ் வடிவமைப்போ பொத்தானின் அதிகாரத்தைப் பறித்துக்கொண்டது. இன்று அது தாய்ப்பலகையிடம் ஒரு வேண்டுகோளை மட்டுமே விடுக்கின்றது. சுவரிலுள்ள ஆளி திறந்திருக்கும்வரை வலுவழங்கியிலிருந்து 5 வோல்ற் மின் தாய்ப்பலகைக்குச் சென்றுகொண்டே இருக்கும்.

அவ்வாறாயின் இயந்திரம் உறங்கும் வேளையைத் தீர்மானிப்பது யார்? 1992 இல் இன்டெலும் மைக்றோசொஃப்ற்றும் வகுத்த ஏபீஎம் விதிமுறையில் அப்பொறுப்பு பெரும்பாலும் பயோஸ் செய்நிரலிடம் இருந்தது. பயனர் யாது செய்கின்றார் என்பதை அது அறியாது. 1996 டிசெம்பரில் இவ்விரு நிறுவனங்களும் தோஷிபாவும் இணைந்து வெளியிட்ட ஏசீபீஐ விதிமுறை, அவ்வதிகாரத்தைப் பணிசெயல் முறைமையிடம் ஒப்படைத்தது. அது வகுத்த நித்திரை நிலைகள் நான்கு. அவற்றுள் சாதாரண பயனர் அறியவேண்டியவை எஸ்3, எஸ்4 என்னும் இரண்டுமேயாம்.

எஸ்3 நிலையில் முறைவழியாக்கி, விசிறி, வன்தட்டு யாவும் ஓய்கின்றன, நினைவகம் ஓய்வதில்லை. அதன் இயல்பு அத்தகையது. ஒவ்வொரு பிட்டும் மிக நுண்ணிய கொள்ளளவியொன்றில் மின்னேற்றமாகத் தங்குகின்றது. அம்மின்னேற்றமோ கசிந்துகொண்டே இருக்கும். ஆதலின் வழக்கமாக 64 மில்லிசெக்கனுக்குள் ஒருமுறை அதனைப் படித்துத் திரும்ப எழுதவேண்டும். ஓயாது புதுப்பித்தாலன்றி நிலைக்காத நினைவு அது. கணனி உறங்கும்போதும் சில வாற்று மின்வலு இதற்குத் தேவைப்படுகின்றது.

எஸ்4 வேறுவகையானது. நினைவகத்திலுள்ளவை வன்தட்டில் எழுதப்பட்டபின் மின்னே வேண்டியதில்லை. ஆங்கிலத்தார் இதற்குப் பனிக்காலத்தில் விலங்குகள் கொள்ளும் நெடுந்துயிலின் பெயரை இட்டனர். உவமை பொருந்தவில்லை. துயிலும் விலங்கின் இதயம் மெல்லவேனும் துடிக்கும். ஆகவே அப்பெயர் எஸ்3 இற்கே உரியது.

விரைவில் விழிக்கும் என்பதால் எஸ்3 நிலையையே பலர் விரும்புவர். சுவரில் மின் எந்நாளும் இருக்கும் என்ற நம்பிக்கையின் மீது அமைந்த நித்திரை அது. மடிக்கணனிக்கு மின்கலம் உண்டு. மேசைக் கணனிக்கு அத்துணை இல்லை. 2022 மார்ச் இறுதியில் இலங்கையில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை நீண்டபோது அந்நம்பிக்கை எத்துணை மெலிந்தது என்பது புலனாயிற்று. எனினும் மின்வெட்டுக்கு நேர அட்டவணை இருந்தது; எழுதியதைச் சேமித்துவைக்க அவகாசம் கிடைத்தது. 2025 பெப்ரவரி 9 ஆந் திகதி நாடு முழுவதும் மின் அற்றுப்போனபோது அட்டவணை ஏதுமில்லை. பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கொன்று மின்மாற்றியில் பட்டமையே காரணமென அமைச்சர் கூறினார். அவ்வேளை எஸ்3 இல் உறங்கிய மேசைக் கணனியில், சேமிக்கப்படாத ஆய்வுக்கட்டுரையின் பக்கங்கள் மீள வழியில்லை.

இதற்கு மாற்று இல்லாமலில்லை. 2007 இல் வெளிவந்த வின்டோஸ் விஸ்ரா, மேசைக் கணனிகளைக் கருதிக் கலப்பு நித்திரையை அறிமுகஞ்செய்தது. நினைவகம் விழித்திருக்க, அதன் படியொன்று வன்தட்டிலும் எழுதப்படும். மின் இருந்தால் உடனே விழிக்கும், அற்றுப்போயின் வன்தட்டிலிருந்து மீளும். உறங்கச்செல்லச் சிறிது நேரம் கூடும். வன்தட்டிலும் இடம் வேண்டும். கொடுக்கத்தக்க விலையே. ஆயின் அதற்கான தெரிவோ வலுத் தெரிவுகளின் உட்பக்கங்களில், தேடுவோர் கண்ணுக்கு மட்டுமே படும் இடத்தில் உள்ளது.